பின்னால் வரும் பெயர்

அவளுக்கு ஒரு பெயர் உண்டு. நல்ல பெயர்தான். ஆனால் கல்யாணமாகி இந்த வீட்டுக்குள் காலடி வைத்த நாளிலிருந்து அவள் அண்ணி. கொழுந்தனுக்கு அண்ணி, நாத்தனாருக்கு அண்ணி, அவர்களுடைய சிநேகிதர்களுக்கும் அண்ணி. போகப்போக, வாசலில் பால் பாக்கெட் போடுகிறவரும் கீழ்வீட்டு வக்கீலும்கூட அண்ணி என்றே கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். ஊரே அப்படிக் கூப்பிடும்போது நாம் மட்டும் தனியாக நின்று என்ன சாதிக்கப்போகிறோம்? நாமும் அண்ணி என்றே வைத்துக்கொள்வோம்.

அவளுடைய சொந்தப் பெயரை எழுதவேண்டி வந்த சிலரும் ஒழுங்காக எழுதியதில்லை. மூன்று சுழி 'ண' வரவேண்டிய இடத்தில் இரண்டு சுழி 'ன' போடுவார்கள். கல்யாணப் பத்திரிகையிலேயே அப்படித்தான் அச்சாகி வந்தது. வேலை செய்கிற இடத்தில் கழுத்தில் மாட்டிக்கொள்ளும் அட்டையிலும் அப்படித்தான். ஆரம்பத்தில் திருத்தச் சொல்லிக்கொண்டிருந்தாள். பிறகு விட்டுவிட்டாள். ஒரு சுழிக்காக எத்தனை பேரோடு மல்லுக்கட்டுவது?

வேடிக்கை என்னவென்றால் அவளுடைய வேலையே பெயர் எழுதுவதுதான். ரத்தப் பரிசோதனை நிலையத்தில், கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்து, வருகிறவர்களின் பெயரைக் கேட்டு, தட்டி, லேபிள் அடித்து, டியூபில் ஒட்ட வேண்டும். பெயர், வயது, அப்பா பெயர் அல்லது வீட்டுக்காரர் பெயர். ஒரே பெயரில் இரண்டு பேர் ஒரே காலையில் வந்து நிற்பார்கள். அப்போது பின்னால் வரும் பெயர்தான் துணை. அதைத் தப்பாகப் போட்டால் இவருடைய சர்க்கரை அவருக்குப் போய்விடும், அவர் பாவம் பாயசத்தை விட்டுவிடுவார். காலை ஏழு மணிக்கே வெறும் வயிற்றோடு எரிச்சலாக வந்து நிற்கிறவர்களிடம், "எழுத்துக் கூட்டிச் சொல்லுங்க சார்" என்று கேட்பதற்கு ஒரு பொறுமை வேண்டும். அந்தப் பொறுமை சாயந்திரத்துக்குள் அடியோடு தீர்ந்துபோகும். வீட்டுக்கு வரும்போது அவளுக்கு யாருடைய பெயரையும் கேட்கப் பிடிக்காது, தொலைக்காட்சியில் செய்தி வாசிக்கிறவர் தன் பெயரைச் சொன்னால்கூட.

அப்படிப்பட்டவள் தலையில்தான் கொழுந்தன் இந்த வேலையைக் கட்டினான்.

கொழுந்தன் வெளிநாட்டில் இருக்கிறான். புதிதாக வீடு வாங்கியிருக்கிறான். அந்த வீட்டுக் கூடத்தில் ஒரு பெரிய சுவர் சும்மா இருக்கிறதாம். சும்மா இருக்கிற சுவரைப் பார்த்தால் சிலருக்குக் கை அரிக்கும். இணையத்தில் குடும்ப மரம் போடுகிற தளம் ஒன்றில் கணக்குத் தொடங்கி, தெரிந்த சொந்தக்காரர்களையெல்லாம் பெட்டி பெட்டியாக அடுக்கி, அதைத் தமிழிலேயே பெரிதாக அச்சடித்துச் சட்டம் போட்டு மாட்டப்போகிறேன் என்று ஒற்றைக் காலில் நின்றான்.

"பெட்டியெல்லாம் நான் போட்டுட்டேன் அண்ணி. பேரை மட்டும் நீங்க ஒரு தடவை பாத்துக் குடுத்துடுங்க. பேர் விஷயத்துல உங்களை மிஞ்ச ஆளு ஏது?"

தலையில் ஐஸ் வைக்கிறான் என்று தெரிந்தது. தெரிந்தும் சரி என்றாள். வேண்டாம் என்று சொல்ல அதைவிடத் தெம்பு வேண்டியிருந்தது.

மகளின் பழைய மடிக்கணினியைச் சாப்பாட்டு மேசையில் வைத்துத் திறந்த பிறகுதான் சங்கதி புரிந்தது. ஒவ்வொரு பெட்டியிலும் பெயருக்குப் பக்கத்தில் 'குடும்பப் பெயர்' என்று ஒரு கட்டம். அந்தக் கட்டம்தான் வினையே. இவர்கள் வீட்டில் ஏது குடும்பப் பெயர்? பிள்ளைக்குப் பின்னால் அப்பா பெயர் வரும், அப்பாவுக்குப் பின்னால் தாத்தா பெயர் வரும், தலைமுறைக்குத் தலைமுறை மாறிக்கொண்டே போகும். அந்தத் தளத்தை உண்டாக்கிய புண்ணியவானுக்கு இதெல்லாம் யார் சொல்வது? ஒரு பிள்ளையைச் சேர்த்தால், அப்பாவின் பின்னால் என்ன தொங்குகிறதோ அதை அப்படியே எடுத்துப் பிள்ளையின் பின்னாலும் ஒட்டிவிடும். ஆக, இந்தக் குடும்பத்தில் எல்லாப் பேரன் பேத்திகளும் தாத்தாவுக்கே பிள்ளைகளாகிவிட்டார்கள். அண்ணியின் வீட்டுக்காரர் தன் பிள்ளைகளுக்கே அண்ணன் முறையாகிப்போனார்.

அவர் லிஃப்ட் மெக்கானிக். வேலை முடிந்து, கிரீஸ் கறையை விரல் இடுக்கிலிருந்து துடைத்துக்கொண்டே அவள் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார்.

"என்ன இது? பெத்தது நான், பேரு எங்கப்பாவுக்கா?"

"நான் போடல. அதுவா போட்டுக்குது."

"அதுவான்னா? எங்க வீட்டு விஷயத்துல அதுக்கென்ன வேலை?"

அதை அதனிடம்தான் கேட்க வேண்டும். அண்ணி மகளின் பெட்டியைத் திறந்து தாத்தா பெயரை அழித்து அப்பா பெயரைப் போட்டாள். விடுதியில் தங்கிப் படிக்கிற மகனுக்கும் அப்படியே மாற்றினாள். 'கீழே உள்ள அனைவருக்கும் இதே பெயரா?' என்று தளம் கேட்டது. அந்த நேரம் சோர்வில் ஒரு இடத்தில் 'ஆம்' என்று அமுக்கிவிட்டாள். ஒரு பெரியப்பாவின் வம்சமே வேறு யாருடைய வம்சமாகவோ மாறி நின்றது. அதைப் பிரித்து எடுப்பதற்குள் அடுப்பில் பால் பொங்கி வழிந்து காய்ந்தும் போயிற்று.

பிள்ளைக்கு அப்பா பெயர் என்ற விதியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு கொழுந்தனின் பிள்ளைகளையும் திருத்தினாள். மறுநாள் வேலையில் இருக்கும்போதே அவனிடமிருந்து அழைப்பு.

"அண்ணி, எம் பசங்களை ஏன் மாத்தினீங்க?"

"அப்பா பேர்தானே தம்பி வரணும்?"

"எங்களுக்கு பாஸ்போர்ட்லயே எல்லாருக்கும் தாத்தா பேர்தான் அண்ணி. இங்க வீட்ல ஆளுக்கு ஒரு பேர் இருந்தா ஸ்கூல்ல ஒரு மாதிரி பாக்கறாங்க. அதான் ஒரே பேரா வெச்சுட்டோம்."

அந்த ஒரு வீட்டில் மட்டும் தளம் சொன்னதே சரி. கேட்டுக்கொண்டிருந்த அண்ணிக்குத் தலையை எங்கே முட்டிக்கொள்வது என்று தெரியவில்லை. தடுப்புக்கு அந்தப் பக்கம் ஒருவர், "ஊசி போடறவங்க எங்கம்மா?" என்று கண்ணாடியைத் தட்டினார்.

அதற்கு மறுநாள் நாத்தனார். அவள் புருஷனைப் பிரிந்து வந்து வருஷங்கள் ஆகின்றன.

"அண்ணி, எம் பேருக்குப் பின்னால அந்த ஆளு பேரு இன்னும் தொங்கிட்டிருக்கே! பாத்தீங்களா இல்லையா?"

"எடுத்துடறேன்மா. பையனுக்கும் எடுக்கணுமா?"

"வேணாம் அண்ணி. அவன் சர்டிபிகேட்ல அப்படித்தானே இருக்கு. அவனுக்கு அது அப்பா பேரு. எனக்கு மட்டும் எடுங்க."

அன்றைக்கு அண்ணிக்கு ஒன்று தெளிந்தது. விதி என்று எதையும் பிடித்துத் தொங்க முடியாது. அந்தந்தப் பிள்ளைக்கு எப்படி எழுதியிருக்கிறதோ அப்படித்தான் எழுத வேண்டும். தளம் நினைக்கிறபடியும் அல்ல, நாம் ஆசைப்படுகிறபடியும் அல்ல. லேபிள் வேலையும் அதுதானே. ஒருவழியாக எல்லாரையும் கேட்டு, எழுத்துக் கூட்டச் சொல்லி, ஒவ்வொரு பெட்டியாகச் சரிசெய்துகொண்டு வந்தாள். தன் பெட்டியை மட்டும் தொடவில்லை. கொழுந்தன் அதில் இரண்டு சுழி போட்டு வைத்திருந்தான். இருந்துவிட்டுப் போகட்டும் என்று தாண்டிப் போனாள்.

ஆனால் ஒரு இடத்தில் அவளால் தாண்ட முடியவில்லை. அவளும் அவரும் இருக்கிற பெட்டிக்குக் கீழே சின்ன எழுத்தில் ஒரு வரி இருந்தது. பிள்ளைகள்: 2. அதற்கடுத்து மகளின் பெட்டியில்: மூத்த பிள்ளை.

மூத்தவள் என்றுதான் வீட்டில் எல்லாரும் மகளைச் சொல்வார்கள். "மூத்தவ வந்துட்டாளா?" "மூத்தவளுக்கு எடுத்து வெச்சியா?" இத்தனை வருஷமாக அந்த வார்த்தை காதில் விழும்போதெல்லாம் அண்ணிக்கு உள்ளே ஏதோ ஒன்று சுருக்கென்று இழுக்கும். யாருக்கும் தெரியாது. உண்மையில் மகள் மூத்தவள் இல்லை.

அவளுக்கு முன்னால் ஒரு பையன் பிறந்தான். நாள் கணக்குக்கு முன்பே அவசரமாக வந்தான். கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். கொஞ்ச நாள் இருந்தான், போய்விட்டான். அண்ணி அவனை மொத்தமாகத் தூக்கி வைத்துக்கொண்டதுகூட இல்லை, பெட்டியின் ஓட்டைக்குள் கையை விட்டு விரலால் தொட்டதுதான். பெயர் வைக்கவில்லை. வீட்டுக்கு வந்து வைத்துக்கொள்ளலாம் என்றிருந்தார்கள். அவன் மணிக்கட்டில் பிளாஸ்டிக் பட்டை ஒன்றைக் கட்டியிருந்தார்கள். அதில் நர்ஸ் கையால் எழுதியிருந்தது: அண்ணியின் பெயர், அதற்குப் பக்கத்தில் 'ஆண் குழந்தை'. இன்னாருடைய ஆண் குழந்தை என்று அர்த்தம். அவள் பெயரில் ஒரு எழுத்தை மட்டும் பேனாவால் அடித்து, மேலே எதையோ நெருக்கி எழுதியிருந்தார்கள். மை பரவி, என்ன எழுத்து என்றே தெரியவில்லை.

அந்தக் கிறுக்கல் அவளுக்கு இன்றைக்கும் ஆறவில்லை. அவன் பேரில் உலகம் எழுதியது அந்த ஒன்றே ஒன்று. அதைக்கூட அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுத அந்த நர்ஸம்மாவுக்குக் கை வரவில்லையே என்று இருக்கும். லேபிளில் ஒரு எழுத்துப் பிசகினாலும் அவள் கிழித்துப் போட்டு வேறு அடிப்பதைப் பார்த்துக் கூட வேலை செய்யும் பெண்கள், "அக்காவுக்குப் பைத்தியம்" என்று சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

வீட்டுக்கு வந்தபிறகு யாரும் அவனைப் பற்றிப் பேசவில்லை. பேசினால் அவள் மனசு கஷ்டப்படும் என்று நினைத்தார்கள். நல்லெண்ணம்தான், குறை சொல்ல முடியாது. அந்த நல்லெண்ணத்தைத் தாங்கித் தாங்கித்தான் அவள் களைத்துப்போனாள். வீட்டுக்காரரிடம் ஓரிரு முறை பேச்சை எடுத்துப் பார்த்தாள். அவருக்குப் பிடிக்காத பேச்சு வந்தால் ஒரு வழி வைத்திருக்கிறார். காதைத் தீட்டிக்கொண்டு, "லிஃப்ட்ல ஏதோ சத்தம் வருதுல்ல?" என்பார். சட்டையை மாட்டிக்கொண்டு இறங்கிப்போய்விடுவார். அவர்கள் குடியிருக்கிற கட்டடத்து லிஃப்ட் அளவுக்கு நன்றாகப் பராமரிக்கப்பட்ட லிஃப்ட் எங்கும் இருக்காது.

ஞாயிறு மதியம் அச்சுக்கு அனுப்பப்போகிறேன் என்று கொழுந்தன் சொல்லியிருந்தான். சனிக்கிழமை ராத்திரி சாப்பாட்டின்போது அண்ணி கேட்டே விட்டாள்.

"அவனையும் சேத்துடட்டுமா?"

"எவனை?"

"எவனையா?"

அவர் தட்டிலிருந்து தலையை எடுக்கவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். பிறகு சொன்னார்: "பேரே வெக்கல. பேரில்லாத பிள்ளையைப் பெட்டியில எப்படிப் போடுவ?"

"அதுக்காக? பொறக்கவே இல்லைன்னு சொல்லிடலாமா?"

அவர் கையைக் கழுவினார். துண்டில் துடைத்தார். வாசல் பக்கம் திரும்பினார்.

"லிஃப்ட்ல ஏதோ சத்தம்."

கதவு சாத்திய பிறகு அண்ணிக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. இந்த மனுஷனுக்கு ஞாபகமாவது இருக்கிறதா? ஆஸ்பத்திரியில் வராந்தாவில் நின்றார், போனார், வந்தார், பிறகு வேலைக்குப் போய்விட்டார். அவருக்கு அது ஒரு பழுதான மோட்டார் மாதிரி, கழற்றி ஓரம் வைத்தாயிற்று. அப்படித்தான் அவள் இத்தனை காலமும் நினைத்திருந்தாள். அந்த நிமிஷம் அதைக் கற்பூரம் அடித்துச் சொல்லியிருப்பாள்.

மடிக்கணினியைத் திறந்தாள். 'பிள்ளையைச் சேர்' என்பதை அமுக்கினாள். வெள்ளைப் பெட்டி ஒன்று முளைத்தது. பெயர் என்ன என்று கேட்டது. காலியாக விட்டால் அடுத்த படிக்கு விடமாட்டேன் என்றது. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு 'குழந்தை' என்று தட்டினாள். அடுத்த கட்டத்தில் அது தன் வழக்கப்படி தாத்தா பெயரைக் கொண்டுவந்து ஒட்டியது. அதை அழிக்கப் போன சமயம் வாசலில் சாவி திரும்பும் சத்தம் கேட்டது. லிஃப்ட் அன்றைக்குச் சீக்கிரமே சரியாகிவிட்டது போலும். என்னவோ திருட்டு வேலை செய்தவளைப் போல மடிக்கணினியை மூடிவிட்டு அடுப்படிக்குப் போனாள். பாத்திரம் கழுவிவிட்டுப் படுத்தவள்தான், அசதியில் அதை மறந்தே போனாள்.

அந்தத் தளம் எதையும் மறக்காது. பாதியில் விட்டதையும் பத்திரமாகச் சேமித்து வைத்துக்கொண்டது. 'உயிரோடு இருக்கிறார்' என்ற இடத்தில் தானே ஒரு சரி போட்டுக்கொண்டது. பிறந்த தேதி இல்லாததால் இன்றைக்குத்தான் பிறந்ததாக்கும் என்று முடிவுகட்டிவிட்டது. கொழுந்தன் வேறு கெட்டிக்காரத்தனமாக அந்தத் தளத்தைக் குடும்ப வாட்ஸப் குழுவோடு இணைத்து வைத்திருந்தான். ஞாயிற்றுக்கிழமை விடியும்போது குழுவில் பலூன் படத்தோடு ஒரு செய்தி மிதந்தது. 'உங்கள் குடும்பத்தில் ஒரு புதிய வரவு!' அதற்குக் கீழே, குழந்தை என்ற பெயரும் தாத்தாவின் பெயரும். பெற்றோர் என்ற இடத்தில் அண்ணியும் அவள் வீட்டுக்காரரும்.

சொந்தக்காரர்களுக்குக் கேட்க வேண்டுமா? எங்கெங்கோ இருந்தவர்கள், வருஷக்கணக்கில் வாயைத் திறக்காதவர்கள், எல்லாரும் வந்துவிட்டார்கள். பூங்கொத்து, கைகூப்பு, வாய்விட்டுச் சிரிக்கும் மஞ்சள் மூஞ்சிகள். 'அண்ணனுக்கு வயசே ஆகல போல' என்று ஒரு சித்தப்பா மகன். 'இந்த வயசுலயா? பலே!' என்று ஒரு பெரியப்பா. நாத்தனார் நேராகவே அழைத்துவிட்டாள்.

"அண்ணி, என்ன அண்ணி இது? ஒரு வார்த்தை சொல்லல! தத்து எடுத்தீங்களா?"

"அப்புறம் பேசறேன்மா" என்று வைத்துவிட்டாள். அவன் இருந்தபோது ஒருவர்கூட வாழ்த்துச் சொல்லவில்லை. சொல்லலாமா வேண்டாமா என்று தயங்கிக்கொண்டே இருந்தார்கள், அதற்குள் காலம் போய்விட்டது. இப்போது பலூனோடு வருகிறார்கள்.

வாயில் பிரஷ்ஷும் கையில் போனுமாக மகள் அடுப்படிக்குள் வந்தாள். "அம்மா, என்னம்மா இது கூத்து? எனக்குத் தம்பி பொறந்திருக்கானாம்."

"தம்பி இல்ல" என்றாள் அண்ணி. "அண்ணன்."

மகள் பிரஷ்ஷை வாயிலிருந்து எடுத்தாள். சின்ன வயதில் யாரோ அரைகுறையாகச் சொல்லக் கேட்டிருக்கிறாள், அவ்வளவுதான். வாய் கொப்பளித்துவிட்டு வந்து, அரிசி டப்பாவுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டாள். அண்ணி ஒரு தக்காளியை எடுத்துக் கழுவினாள், வைத்தாள், மறுபடி அதையே எடுத்துக் கழுவினாள்.

"எப்படிம்மா இருந்தான்?" என்று கொஞ்சம் கழித்து மகள் கேட்டாள்.

"மூக்கு உன்னை மாதிரி. இல்ல, உனக்குத்தான் அவன் மூக்கு."

வீட்டுக்காரர் அன்றைக்குக் காலையிலேயே எங்கோ நடுவில் நின்றுபோன லிஃப்டைப் பார்க்கப் போயிருந்தார். அவரும் அந்தக் குழுவில் இருக்கிறவர்தான். மதியத்துக்கு முன்பே திரும்பி வந்தார். கத்துவாரோ என்று அண்ணி பார்த்தாள். அவர் கத்தவில்லை. செருப்பைக் கழற்றினார், பையை மூலையில் வைத்தார், நாற்காலி முனையில் உட்கார்ந்தார். கறையைக்கூடத் துடைக்கவில்லை.

அந்த நேரம் பார்த்து மேசையில் இருந்த போன் அடித்தது. கொழுந்தன். மகள் எடுத்து ஒலிபெருக்கியில் போட்டாள்.

"அண்ணி, சாரி அண்ணி. அந்தச் சனியன் தானா என்னமோ போட்டுருச்சு. எல்லாரும் கன்னாபின்னான்னு அனுப்பறாங்க. கவலைப்படாதீங்க, நான் அந்தப் பெட்டியை டெலீட் பண்ணிடறேன். அச்சுக்காரன் காத்துட்டிருக்கான்."

"பண்ணாதீங்க தம்பி."

"என்ன அண்ணி?"

"அது தானா போடல. நான்தான் போட்டேன்." அண்ணி நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். வீட்டுக்காரர் பக்கம் பார்க்கவில்லை. "எங்களுக்கு முதல்ல ஒரு பையன் பொறந்தான். நீங்க அப்ப பள்ளிக்கூடம் போயிட்டிருந்தீங்க. உங்ககிட்ட யாரும் சொல்லியிருக்க மாட்டாங்க. கொஞ்ச நாள்தான் இருந்தான். ஆனா இருந்தான்."

லைன் போய்விட்டதோ என்று மகள் குனிந்து பார்த்தாள்.

"எனக்கு ஏதோ சரியா வரலன்னு மட்டும்தான் அண்ணி சொன்னாங்க" என்றான் கொழுந்தன். இவ்வளவு மெதுவாகப் பேசக்கூடியவன் என்பதே அன்றைக்குத்தான் தெரிந்தது. "சரி அண்ணி. பெட்டி இருக்கட்டும். மறைந்தார்னு மாத்திடறேன். மூத்த பிள்ளைன்னு வரும். பேரு?"

"குழந்தைன்னே இருக்கட்டும். இப்ப போய்ப் புதுசா வெச்சா அது அவன் பேரு ஆகாது."

"பின்னால அண்ணன் பேர்தானே? தாத்தா பேரை எடுத்துட்டு அண்ணன் பேரைப் போட்டுடறேன்."

அவ்வளவு பேருக்கும் பார்த்துப் பார்த்துத் திருத்தியவள் அண்ணி. பிள்ளைக்குப் பின்னால் அப்பா பெயர் என்றால் யாரும் ஒன்றும் சொல்லப்போவதில்லை. அவரும் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார். ஆனாலும் தப்பு தப்புதானே.

"இல்ல தம்பி. அவனுக்கு அப்படி யாரும் எழுதல. கையில கட்டியிருந்த பட்டையில எம் பேர்தான் இருந்துச்சு. அவனுக்கு இருந்த எழுத்து அது ஒண்ணுதான். எப்படி எழுதியிருந்துச்சோ அப்படியே போடுங்க."

கொழுந்தன் எதையோ தட்டும் சத்தம் கேட்டது. "அப்பா பேரோட பொருந்தலன்னு சிவப்பாக் காட்டுது அண்ணி. திருத்தவான்னு கேக்குது."

"கேக்கட்டும். வேணாம்னு அமுக்குங்க."

"சரி அண்ணி. உங்க பெட்டியில இருக்கற பேரை அப்படியே காப்பி பண்ணிப் பின்னால போட்டுடறேன். அவ்வளவுதானே?"

அண்ணி வாயைத் திறந்தாள். அந்தப் பெட்டியில் இருப்பது இரண்டு சுழி. சொல்லலாமா என்று யோசித்தாள். இத்தனை பெரிய விஷயத்தைச் சொல்லி முடித்த களைப்பில் ஒரு சுழியைப் பற்றிப் பேசவேண்டுமே என்று நினைத்தபோதே மலைப்பாக இருந்தது. போகட்டும், அந்தப் பட்டையிலும்தான் அடித்துக் கிறுக்கி வைத்திருந்தார்கள். "ம்" என்று சொல்லத்தான் போனாள்.

"டேய், இரு" என்றார் வீட்டுக்காரர்.

இருவரும் திரும்பினார்கள். அவர் நாற்காலியிலிருந்து எழுந்திருந்தார். சரி, லிஃப்ட் சத்தம் கேட்டுவிட்டது என்றுதான் அண்ணி நினைத்தாள். அவர் வாசல் பக்கம் போகவில்லை. மேசைக்கு வந்து போனுக்கு மேலே குனிந்தார்.

"நீ போட்டு வெச்சிருக்கறது தப்பு. ரெண்டு சுழி இல்ல, மூணு சுழி. உங்கண்ணி பேருக்கு மூணு சுழி வரும். அவனுக்கும் அப்படித்தான் வரணும்."

"அப்படியா? நான் இத்தனை நாளும் ரெண்டுன்னு..."

"எல்லாரும் அப்படித்தான்டா எழுதறானுங்க. அந்த நர்ஸும் அப்படித்தான் எழுதினா. நான்தான் விடல. கண்ணாடிக்கு வெளிய நின்னு பாத்துட்டிருந்தேன், தப்பா இருக்குன்னு கத்தினேன். வேற பட்டை இல்லன்னா. அப்ப இதுலயே அடிச்சுத் திருத்துன்னேன். அவ திட்டிட்டே திருத்தினா. பட்டை அவ்ளோண்டு. இடமே இல்ல." அவர் தன் கிரீஸ் படிந்த மணிக்கட்டை இன்னொரு கையால் பிடித்துக் காட்டினார். "நெருக்கித்தான் எழுத முடிஞ்சுது."

அண்ணி அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தக் கிறுக்கலை எத்தனை வருஷமாக மனசுக்குள் வைத்து அந்த நர்ஸைத் திட்டியிருப்பாள்!

"நீங்களா திருத்தச் சொன்னீங்க?"

"பின்ன?" என்றார் அவர். "தப்பா இருந்துச்சுல்ல."

போனில் கொழுந்தன் மூன்று சுழி போட்டுக்கொண்டிருந்தான்.